பனியாற்றின் அடியில் பிடித்து ஃபியோர்டில் விடும் தண்ணீர்: ஸ்வார்ட்டிசென் மின் நிலையம்

என்னிடம் வந்த கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நார்வேயின் ஃபியோர்டு (செங்குத்து மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே வரும் கடல்) ஓரங்களில் இத்தனை நீர்மின் நிலையங்கள் இருந்தும் கட்டடமோ குழாயோ ஏன் கண்ணில் படுவதில்லை? பாதி வருடம் உறைந்து கிடக்கும் ஊரில் டர்பைனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இப்படிப்பட்ட நிலையத்தில் எது அதிகம் கெடும்? பொதுவாகப் பேசினால் மூன்றுக்கும் மழுப்பலான பதில்தான் வரும். அதனால் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்வார்ட்டிசென். நூர்லான் மாவட்டத்தில், ஹோலண்ட்ஸ்ஃபியோர்டு கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. நடத்துவது நார்வே அரசின் ஸ்டாட்கிராஃப்ட் நிறுவனம். 1993-இல் 350 மெகாவாட் இயந்திரம் ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்கினார்கள். 2010-இல் 250 மெகாவாட்டில் இன்னொன்று சேர்ந்தது.

முதலில் கணக்கு. இங்கே ஹெட், அதாவது தண்ணீர் விழும் உயரம், 543 மீட்டர். இழப்பு போக ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.37 யூனிட் மின்சாரம் தரும். இரண்டு இயந்திரமும் முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்குச் சுமார் 120 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். இந்த அளவுத் தண்ணீரைப் பனிமூடிய மலைமேல் தேடிப் பிடித்து, கல்லும் காற்றும் பனிக்கட்டியும் கலக்காமல் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் நிலையத்தின் உண்மையான வேலை. பார்வையாளர்கள் படம் எடுக்கும் இயந்திரக் கூடம் அதன் கடைசி நூறு மீட்டர்.

குளிர்காலக் கேள்விக்குப் பதில் ஸ்டோர்க்லோம்வாத்ன் என்ற ஏரி. கொள்ளளவில் நார்வேயின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், சுமார் 350 கோடி கன மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 585 மீட்டரில் நிரம்பும்; 460 மீட்டர் வரை இறக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பனி உருகி நிரம்புகிறது, மின்தேவை உச்சத்தில் இருக்கும் குளிர்காலத்தில் வடிகிறது. நீர் எடுக்கும் வாய் ஏரியின் ஆழத்தில் இருப்பதால் மேலே எவ்வளவு தடிமனாக உறைந்தாலும் டர்பைனுக்குக் கவலை இல்லை. நிரம்பிய ஏரியில் ஏறத்தாழ 450 கோடி யூனிட் இருக்கிறது. சராசரி ஆண்டில் நிலையம் தருவது 200 கோடி யூனிட்டுக்கு மேல். அதாவது ஒரு வருடம் பனி பொய்த்தாலும் சமாளிக்கும் ஏரி இது. ஆனால் மட்டம் இறங்க இறங்க ஹெட்டும் குறைகிறது: அடிமட்டத்தில் ஒரு கன மீட்டருக்குக் கிடைப்பது 1.15 யூனிட் அளவுதான். ஆகவே முடிந்தவரை உயர்ந்த மட்டத்தில் வைத்து ஓட்டப் பார்ப்பார்கள். ரொம்ப உயரத்தில் வைத்தால் அடுத்த கோடை வெள்ளம் வழிந்து வீணாகும். விலையும் வானிலையும் பார்த்து இந்த இழுபறியை நிர்வகிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: குளிர்காலத்தில் தண்ணீர் இறங்கும்போது மேலே உள்ள பனித்தளம் தாங்கல் இல்லாமல் கரையோரம் வெடித்துத் தொங்கும். நீர்த்தேக்கங்களின் பனிமேல் பனிச்சறுக்கில் போகக்கூடாது என்று அங்கே எச்சரிக்கைப் பலகை வைப்பது இதனால்தான்.

ஏரியை உயர்த்திய அணை 125 மீட்டர் உயரக் கற்குவியல் அணை, 1997-இல் முடிந்தது. நடுவில் நீரைத் தடுப்பது களிமண் அல்ல, தார்க்கலவைச் சுவர். களிமண் கலந்த மண்ணை ஈரம் பார்த்து இறுக்க வேண்டும். கோடை குட்டையாகவும் மழையாகவும் இருக்கும் ஊரில் அதற்கு நாள் கிடைக்காது. தார்க்கலவையை மெல்லிய அடுக்குகளாகச் சூடாகப் போட்டு இருபக்கமும் சரளையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டே போகலாம், தூறலில் வேலை நிற்காது. அணை அமரும்போது தாரும் சற்று வளைந்து கொடுப்பதால் விரிசல் பயமும் குறைவு.

இனி இந்த நிலையத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பகுதி. ஸ்வார்ட்டிசென் என்பது உண்மையில் ஒரு பெரிய பனிப்போர்வையின் பெயர். அதிலிருந்து இறங்கும் பனியாறு எங்காப்ரேன். அதன் முனை கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு சிறு ஏரிக்கு அருகில் முடிகிறது. முனையில் வழியும் தண்ணீரைப் பிடித்துப் பயனில்லை, 585 மீட்டர் ஏரிக்கு அது ஏறாது. 600 மீட்டருக்கு மேலே பிடிக்க வேண்டும். அந்த உயரத்தில் பாறை முழுவதும் 200 மீட்டர் தடிமனான பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிறது. அதனால் பக்கத்து மலையிலிருந்து பாறைக்குள் சுரங்கம் வெட்டி, பனியாற்றின் அடிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கிக் கிணறு போலத் துளைத்துப் பனிக்கும் பாறைக்கும் நடுவே ஓடும் உருகுநீரைப் பிடித்தார்கள்.

அடியில் ஓடும் ஓடை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பனிக்கு அடியில் தண்ணீர் வெறும் பள்ளம் பார்த்து ஓடாது. மேலே உள்ள பனியின் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது. பனிப்பரப்பின் சரிவு, அடிப்பாறையின் சரிவைவிடப் பத்து மடங்கு செல்வாக்கு உள்ளது. எனவே பரப்பு வரைபடமும் ரேடாரில் அளந்த அடிப்பாறை வரைபடமும் இருந்தால்தான் ஓடைப் பாதையைக் கணிக்க முடியும். கணித்தாலும் அது இடம் மாறும். தெற்கே ஹார்டங்கர் பகுதியின் மவுரங்கர் நிலையத்துக்காகப் போண்ட்ஹுஸ்ப்ரேன் பனியாற்றின் அடியில் 1970-களின் கடைசியில் இதே வேலையைச் செய்தபோது கற்ற பாடம் இது. ஒரே ஒரு வாய் வைத்து நம்பி இருக்க முடியாது. ஓடை குறுக்கே நகரக்கூடிய அகலம் முழுவதையும் மறிக்கிற மாதிரி வாய்கள் வேண்டும்.

தண்ணீரோடு வருவது கல். பனியாறு பாறையைத் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. மாவு போன்ற தூசியிலிருந்து தலையளவு உருண்டை வரை எல்லாம் சேர்ந்து கிணற்றில் விழும். அதனால் கிணற்றுக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு பெரிய வண்டல் அறை. சுரங்கத்தில் வேகமாக வரும் நீர் அங்கே அகலமான இடம் கண்டு மெதுவாகிறது, கனமானவை அடியில் தங்குகின்றன, தெளிந்த நீர் மேலே வழிந்து ஏரிக்குப் போகிறது. இப்படிப்பட்ட அறையை அளவிடும் முறை எளிது: 5 மீட்டர் ஆழம், வினாடிக்கு 20 சென்டிமீட்டர் ஓட்டம், வினாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வேகத்தில் அமரும் மணல் என்று வைத்தால், மேலிருந்து அடிக்கு வர 333 வினாடி, அதற்குள் நீர் 67 மீட்டர் போயிருக்கும். கொந்தளிப்புக்குக் கூடுதல் நீளமும் சேர்க்க வேண்டும். வெப்ப நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுபோகிறவர்கள் தவறுவது இங்கே. உருகுநீர் பூஜ்யம் டிகிரி. 30 டிகிரி நீரைவிட அதன் பிசுப்பு இரண்டு மடங்குக்கு மேல். அதே மணல் அங்கே மெதுவாகத்தான் அமரும்.

அறை நிரம்பினால் காலி செய்ய வேண்டும். ஆண்டுதோறும் அதில் சேர்ந்த கல்லின் அளவை அளக்கிறார்கள். பனியாறு எவ்வளவு பாறையை அரைக்கிறது என்ற தரவு அதிலிருந்து ஓசியில் கிடைக்கிறது. அதே சுரங்கத்தில் நார்வேயின் நீர்வள, எரிசக்தி இயக்ககம் 1992 முதல் ஒரு ஆய்வுக்கூடம் நடத்துகிறது. பனியின் அடிப்பாகத்தைத் தொட வெந்நீர் பீய்ச்சிக் குகை உருக்குவார்கள். 200 மீட்டர் பனியின் எடை அங்கே 17 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் தருவதால், வெந்நீரை நிறுத்தியதும் குகை தானாக மூடிக்கொள்ளத் தொடங்கும். ஆய்வுகளைக் குளிர்காலத்தில் வைப்பது வழக்கம், அப்போதுதான் உருகுநீர் குறைவு.

மாவு போன்ற நுண்தூசி வண்டல் அறையில் நிற்காது. அது ஏரிக்குப் போய் மாதக்கணக்கில் மிதக்கும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். டர்பைனைத் தின்பது கூர்முனை கொண்ட குவார்ட்ஸ் மணல், அது ஏரியிலேயே தங்கிவிடும். இத்தனை பெரிய ஏரியே நிலையத்தின் கடைசி வடிகட்டி. ஏரி இல்லாமல் பனியாற்று நீரை நேராக டர்பைனுக்கு விடும் நிலையங்களுக்குத்தான் மணல் தீராத தலைவலி.

பனியாற்று வாய் தவிர, வழியில் உள்ள மலை ஓடைகளையும் செங்குத்துக் கிணறுகள் மூலம் சுரங்கத்தில் இறக்குகிறார்கள். ஃபியோர்டு நிலையங்கள் எல்லாவற்றிலும் உள்ள ஏற்பாடு இது, தொல்லையும் இங்கேதான் அதிகம். ஓடை கிணற்றில் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்று சுரங்கக் கூரையில் பைகளாகச் சேர்ந்து அழுத்தப்பட்டுக் கிடக்கும். மட்டம் மாறும் ஒரு நாளில் திரண்டு ஏதாவது ஒரு கிணறு வழியாகப் பீறிட்டு வெளியேறும். வாயில் பதித்த இரும்புக் கம்பிச் சட்டத்தைத் தூக்கி எறியும் அளவுக்கு வேகம் இருக்கும். தடுக்கும் வழிகள் தெரிந்தவையே: கிணற்று வாயில் சுழி விழாத அளவுக்கு ஆழமான குட்டை, தனிக் காற்றுக் குழாய், காற்று வந்த வழியே திரும்பிப் போகும்படி சுரங்கக் கூரைக்குச் சரிவு.

அடுத்தது ஊசிப்பனி. தெளிந்த வானம், மைனஸ் பத்து டிகிரி, ஓடை மூடாமல் சலசலத்து ஓடுகிறது என்றால் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே நூறில் சில பங்கு டிகிரி இறங்கும். அப்போது நீருக்குள்ளேயே நுண்ணிய பனித்துகள்கள் பிறக்கின்றன. இரும்புக் கம்பியில் பட்டவுடன் ஒட்டும், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும், சில மணி நேரத்தில் வடிகட்டிக் கம்பி முழுக்க அடைபடும். கம்பிக்கு மின்சூடு வைக்கலாம். ஆனால் ஒட்டுவதற்கு முன்பே போட வேண்டும், அடைத்த பிறகு சூடேற்றிப் பயன் குறைவு. நல்ல தீர்வு வேறு: வாய்க்கு முன்னால் குட்டையை ஆழமாக்கி நீரோட்டத்தை வினாடிக்கு அரை மீட்டர் அளவுக்கு மெதுவாக்கினால் மேலே திடமான பனித்தளம் பிடித்துவிடும். தளம் மூடிய நீர் அந்த அளவு குளிராது, ஊசிப்பனியும் பிறக்காது.

ஏரியிலிருந்து சுரங்கத்துக்கு நீரை எடுக்கும் முறையும் சொல்லத்தக்கது. ஏரியை வற்றடிக்காமல் அடியிலிருந்து குடைந்து, கடைசியில் சில மீட்டர் பாறை மட்டும் மிச்சமிருக்கும்போது அதை ஒரே வெடியில் உடைக்கும் முறையை நார்வேயில் நூற்றுக்கணக்கான ஏரிகளில் செய்திருக்கிறார்கள். உடைந்த பாறை விழ அடியில் ஒரு குழி முன்கூட்டியே வெட்டியிருக்கும். சுரங்கத்தில் ஓரளவு நீர் நிரப்பி, வெடிக்கும் பாறைக்கும் நீருக்கும் இடையே காற்று மெத்தை விடுவார்கள். அந்தக் காற்று குறைவாக இருந்தால் வெடியதிர்ச்சி நேரே உள்ளே உள்ள கதவைத் தாக்கும். கடைசி மீட்டர்களில் ஏரி உள்ளே கசியும் என்பதால் முன்னோக்கித் துளை போட்டுப் பார்த்து, சிமெண்ட் பாய்ச்சிக்கொண்டே போக வேண்டும்.

இப்போது முதல் கேள்வி, ஏன் மலைக்குள்? பலர் நினைப்பது போல அழகு கெடாமல் இருப்பதற்காக அல்ல. அது கூடவே கிடைத்த நன்மை. பக்கத்து க்ளோம்ஃபியோர்டில் 1920 முதல் இயங்கும் பழைய நிலையம் இருக்கிறது: கரையில் கட்டடம், மலைச்சரிவில் இரும்புக் குழாய்கள். 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்திறங்கிய பிரிட்டிஷ், நார்வே வீரர்கள் அங்கிருந்த அலுமினிய ஆலையை முடக்குவதற்காக ஜெனரேட்டர்களிலும் குழாய்களிலும் வெடி வைத்தார்கள். போருக்குப் பிறகு பாதுகாப்பு ஒரு காரணமாகச் சேர்ந்தது உண்மைதான். தீர்மானித்தது செலவு. உறுதியான பாறைக்குள் சுரங்கம் போட்டால் பெரும்பாலான தூரத்துக்கு எஃகுக் குழாயே தேவையில்லை, பாறையே குழாய்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாறையை இறுக்கும் அழுத்தம் எப்போதும் நீரழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் பாறை வெடிப்புகளை நெம்பித் திறந்துகொண்டு மலைச்சரிவில் வெளியேறும். 1919-இல் ஹெர்லண்ட்ஸ்ஃபோஸில் எஃகுத் தட்டுப்பாடு காரணமாக இப்படிச் செய்து பார்த்தபோது கசிவு வந்தது. 1970-இல் ஓஸ்கோராவில் வந்த கசிவுக்குப் பிறகுதான் மலைச்சரிவையும் கணக்கில் சேர்க்கும் விதி உருவானது. நம் 543 மீட்டரை அதில் போட்டுப் பாருங்கள். பாறை நீரைவிட 2.7 மடங்கு கனம், சரிவு 45 டிகிரி என்றால், சரிவின் மேற்பரப்பிலிருந்து சுரங்கத்துக்கு உள்ள மிகக் குறுகிய தூரம் குறைந்தது 284 மீட்டர் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு 1.3 மடங்கு சேர்த்தால் 370 மீட்டர். ஃபியோர்டுச் சுவர் செங்குத்தாக ஆக ஆக இந்தத் தூரம் கூடும். இயந்திரக் கூடம் மலையின் வயிற்றுக்குள் போவதற்கு இதுதான் காரணம். இந்தக் கணக்கும் முதல் மதிப்பீடு மட்டுமே. எஃகுக் குழாய் தொடங்கும் இடத்தை முடிவு செய்யும் முன் துளையில் நீரை அழுத்திப் பாறை எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று அளந்தே ஆக வேண்டும். இந்த முறையில் நூயே டூயின் நிலையத்தில் 1,039 மீட்டர் ஹெட் வரை எஃகு இல்லாமல் போயிருக்கிறார்கள்.

முதல் முறை நீர் நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கட்டம் கட்டமாக நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் 10 முதல் 30 மணி நேரம் நிறுத்தி, நுண்ணிய அழுத்தமானியில் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முதலில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பாறை வெடிப்புகள் நீரைக் குடிக்கின்றன. அது குறைந்துகொண்டே போக வேண்டும். ஒரே சீராக இறங்கினால் கசிவு. வடிப்பது இதைவிட ஆபத்து. சுரங்கத்தில் நீர் போய்விட்டாலும் பாறைக்குள் அழுத்தம் மிச்சமிருக்கும். அவசரப்பட்டு வடித்தால் அது பாறைத் துண்டுகளைச் சுரங்கத்துக்குள் தள்ளும், வீங்கும் களிமண் உள்ள பிளவு இருந்தால் கூரையே சரியும். ஆய்வுக்காக அடிக்கடி காலி செய்யாமல் வருடக்கணக்கில் விட்டுவைப்பதன் நியாயம் இது.

இயந்திரத்துக்கு வந்தால், இரண்டும் பிரான்சிஸ் டர்பைன், அதாவது நீர் நிரம்பிய உறைக்குள் சக்கரம் சுற்றும் வகை. இவ்வளவு உயரத்துக்கு, நீர்த்தாரை கிண்ணங்களில் அடித்துச் சுற்றும் பெல்டன் வகையும் போடலாம். ஆனால் பெல்டன் சக்கரம் கீழ்நீருக்கு மேலே தொங்க வேண்டும்; ஓதம் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும் கடலில் நீரை விடும்போது அந்த உயரம் நிரந்தர நட்டம். ஏரி மட்டம் 125 மீட்டர் மாறுவதும் பெல்டனுக்கு உகந்ததல்ல. பிரான்சிஸ் ரன்னரை, அதாவது நீர் சுழற்றும் சக்கரத்தை, கடல் மட்டத்துக்கும் கீழே வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் நீராவிக் குமிழி உருவாகி வெடித்து ரன்னர் உலோகத்தைக் குழி குழியாக அரிக்கும்.

மின்சுமை திடீரென்று இல்லாமல் போனால், ரன்னருக்குள் போகும் நீரைக் கட்டுப்படுத்தும் தகடுகளான கைடு வேன்கள் மூட வேண்டும். நீரை உடனடியாக நிறுத்தினால், வேகம் குறையும் ஒவ்வொரு வினாடிக்கு-ஒரு-மீட்டருக்கும் சுமார் 120 மீட்டர் ஹெட் அளவு அதிர்ச்சி கூடும். அதனால் மூடும் நேரத்தை நீட்டி, டர்பைனுக்கு முடிந்தவரை அருகில் நீர் ஏறி இறங்க ஒரு கிணறு வைப்பார்கள். அதற்கு இடமில்லாத மலைகளில் பாறை அறைக்குள் அழுத்தக் காற்றை அடைத்து அதையே மெத்தையாக்குவது நார்வே முறை. 1973-இல் ட்ரிவா நிலையத்தில் தொடங்கியது. காற்று பாறை வழியே கசிவதால் கம்ப்ரெஸர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

டர்பைனில் கெடுவதை வரிசையாகச் சொன்னால்: முதலில் கைடு வேன்களின் முனை இடைவெளியும் ரன்னரின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் லாபிரிந்த் சீலும் தேய்ந்து அகலும். அடையாளம் எளிது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் கசியும் நீரே அதை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும், பிரேக் போடாமல் நிற்காது. அடுத்தது, பாதிச் சுமையில் டிராஃப்ட் டியூபில், அதாவது ரன்னருக்கு அடியில் நீரை வெளியேற்றும் குழாயில், சுருளும் சுழி. இயந்திரம் சுற்றும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு தாளத்தில் கூடமே முனகும். அந்தச் சுமையில் நிறுத்தி வைக்காமல் தாண்டிப் போவதே மருந்து. மூன்றாவது ரன்னரில் விழும் விரிசல். கைடு வேன்களைக் கடக்கும்போது ஒவ்வொரு பிளேடும் அடி வாங்குகிறது: 24 வேன், நிமிடத்துக்கு 333 சுற்று என்றால் வினாடிக்கு 133 அடி. ரன்னரின் இயல்பு அதிர்வெண் இதற்குப் பக்கத்தில் விழுந்தால் புது ரன்னரே சில வாரங்களில் விரிசல் காணலாம். திறனை உயர்த்துவதற்காகப் பிளேடுகளை மெலிதாக்கிய காலத்தில் உயர் ஹெட் நிலையங்கள் சிலவற்றில் இது நடந்தது. இயல்பு அதிர்வெண்ணைக் காற்றில் அளந்து ஏமாறக்கூடாது, நீருக்குள் அது வெகுவாக இறங்கிவிடும்.

கடைசியாக, வெளியேறும் நீர். முன்பு கோடையில் ஆற்றில் வந்த நன்னீர் இப்போது குளிர்காலத்தில் ஃபியோர்டில் விழுகிறது. உப்புநீரைவிட லேசானதால் மேலே பரவி எளிதில் உறையும். இதனால் படகுப் பாதை அடைபடும் ஃபியோர்டுகள் உண்டு. வெளியேற்றும் வாயை ஆழத்தில் வைத்தால் நீர் உப்போடு கலந்துதான் மேலே வரும், பனி குறையும். ஓடைக் கிணறுகள் இழுத்துவந்த காற்று பற்றிச் சொன்னேனே, அது உயர் அழுத்தத்தில் நீரில் கரைந்துபோய், டர்பைனைத் தாண்டியதும் அளவுக்கு மிஞ்சிய நைட்ரஜனாக நிற்கும். நிலையங்களுக்குக் கீழே மீன்கள் இரத்தத்தில் குமிழி கட்டிச் செத்தால் முதலில் சோதிக்க வேண்டியது டர்பைனை அல்ல, மலைமேல் எந்த ஓடைக் கிணற்றின் வாய் அடைபட்டுக் காற்றை உறிஞ்சுகிறது என்பதை.